ஜான் பிங்காமும் பதினான்காம் திருத்தமும்: உரிமைகளுக்கு யார் கட்டுப்பட வேண்டும்?

பேச்சுரிமை, மத உரிமை, முறையான விசாரணை இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்ற விதி எல்லாமே அமெரிக்க அரசமைப்பில் 1791-லேயே எழுதப்பட்டுவிட்டன. முதல் பத்துத் திருத்தங்கள் அவை. 'உரிமைகள் சாசனம்' என்று சேர்த்துச் சொல்வார்கள். அப்படியானால் 1791-க்குப் பிறகு எந்த அரசும் ஓர் அமெரிக்கரின் வாயை அடைத்திருக்க முடியாது என்றுதானே நினைப்போம்?

நடந்தது வேறு. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமை முறையை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தாலே சிறைதான். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் பல இடங்களில் குற்றம். இந்தச் சட்டங்களைப் போட்டவை மாநில அரசுகள். உரிமைகள் சாசனம் அவற்றின் பக்கமே போகவில்லை, ஏனென்றால் அது கட்டுப்படுத்தியது வாஷிங்டனில் இருந்த மத்திய அரசை மட்டும்தான். முன்வாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்தது போன்ற ஏற்பாடு.

அந்தக் கொல்லைக் கதவைச் சாத்தியவர் ஜான் பிங்காம். ஒஹாயோ மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் வக்கீலாக இருந்தவர், பதினாறு ஆண்டுகள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர். ஜெஃபர்சன், லிங்கன் பெயர்களைத் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. இன்று அங்கே உரிமை பற்றிய பெரிய வழக்கு எதை எடுத்தாலும், அநேகமாகப் பதினான்காம் திருத்தத்தில் இவர் எழுதிய ஒரு வாக்கியத்தில்தான் அது வந்து நிற்கும். அமெரிக்க அரசமைப்பைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் இவரிடமிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

ஒரு படகுத்துறையின் வழக்கு

பிங்காமுக்கு முன்னால் ஜான் பேரன் என்பவரின் வழக்கைப் பார்த்துவிட வேண்டும். மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் இவருக்குப் பங்குள்ள ஒரு படகுத்துறை இருந்தது. கரையோரம் நல்ல ஆழம். பெரிய கப்பல்கள் வந்து நிற்கும், வருமானமும் வரும். நகராட்சி சாலை போடுவதற்காகச் சில ஓடைகளைத் திருப்பிவிட்டது. அவை மண்ணையும் மணலையும் அடித்துக்கொண்டு வந்து படகுத்துறைக்கு அடியில் கொட்டின. ஆழம் குறைந்தது, கப்பல்கள் வருவது நின்றது.

பேரன் நீதிமன்றத்துக்குப் போனார். கீழ் நீதிமன்றம் 4,500 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒருவரின் சொத்தைப் பொதுக் காரியத்துக்கு எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று ஐந்தாம் திருத்தம் சொல்கிறதே என்பதுதான் அவர் வாதம்.

1833-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பெழுதினார். ஐந்தாம் திருத்தம் மத்திய அரசுக்கு மட்டுமே பொருந்தும், ஆகவே மாநிலமோ நகராட்சியோ செய்ததைக் கேட்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். கூடவே ஒரு விஷயத்தையும் சொல்லியிருந்தார். அரசமைப்பை எழுதியவர்கள் மாநிலங்களைக் கட்டுப்படுத்த நினைத்த இடங்களில், 'எந்த மாநிலமும் இதைச் செய்யக் கூடாது' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உரிமைகள் சாசனத்தில் அப்படி எழுதவில்லையே என்றார். மார்ஷல் போகிற போக்கில் சொன்ன இந்தக் காரணம் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு வழி காட்டியது.

மெர்சரிலிருந்து காடிஸ் வரை

பிங்காம் 1815 ஜனவரி 21 அன்று பென்சில்வேனியாவின் மெர்சர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தச்சர். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, ஒஹாயோவின் காடிஸ் ஊரில் வியாபாரம் செய்த, அப்பாவின் சகோதரர் தாமஸ் வீட்டில் சில காலம் வளர்ந்தார். பிறகு மெர்சருக்குத் திரும்பி ஓர் அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டார். அப்புறம் ஒஹாயோவின் நியூ ஏதென்ஸ் ஊரில் இருந்த ஃபிராங்க்ளின் கல்லூரியில் சேர்ந்தார்.

இந்தக் கல்லூரிதான் அவரை உருவாக்கியது என்று தோன்றுகிறது. அடிமை முறைக்கு எதிரான எண்ணம் ஊறிப்போன இடம் அது. அங்கே அவரோடு படித்தவர்களில் ஒருவர் டைட்டஸ் பாஸ்ஃபீல்ட், முன்னாள் அடிமை. 1830-களில் ஒரு வெள்ளை இளைஞனும் அடிமையாக இருந்த ஒரு கறுப்பு இளைஞனும் ஒரே கல்லூரியில் படிப்பது அமெரிக்காவில் மிக அரிது. இருவரின் நட்பும் கல்லூரியோடு முடியவில்லை.

1840-ல் வக்கீலானார். தாமஸின் மகள் அமண்டாவை மணந்துகொண்டார். சில ஆண்டுகள் மாவட்ட அரசு வழக்கறிஞராகவும் இருந்தார். 1854-ல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்து, புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை பரவ வழி திறந்ததும் வடக்கில் பெரும் கோபம் கிளம்பியது. அந்த அலையில் தேர்தலில் நின்று வென்றார். 1855-ல் காங்கிரஸுக்குள் நுழைந்தார். (காங்கிரஸ் என்றால் நம் ஊர்க் கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றம். அதன் கீழவை பிரதிநிதிகள் சபை, மேலவை செனட்.)

அவருடைய ஆரம்பகாலப் பேச்சுகளில் 1859-ன் ஆரிகன் விவாதத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆரிகன் ஒரு மாநிலமாகச் சேர விண்ணப்பித்திருந்தது. அது அடிமை முறையைத் தடை செய்த மாநிலம்தான். ஆனால் அதன் அரசமைப்பில் இன்னொரு பிரிவும் இருந்தது. அப்போது அங்கே வசிக்காத சுதந்திரக் கறுப்பர் யாரும் இனி அங்கே வந்து குடியேறக் கூடாது, நிலம் வைத்திருக்கக் கூடாது, ஒப்பந்தம் செய்யக் கூடாது, வழக்குத் தொடுக்கவும் கூடாது. பிங்காமின் கட்சிக்காரர்களிலேயே சிலர், 'அடிமை முறை இல்லையே, அது போதும்' என்று ஆதரித்தார்கள். பிங்காம் எதிர்த்துப் பேசினார். உயிர், சுதந்திரம், உழைப்பின் பலன் ஆகியவற்றில் எல்லா மனிதருக்கும் சமமான உரிமை உண்டு, அதை மறுக்க எந்த மாநிலத்துக்கும் அதிகாரம் கிடையாது என்பது அவர் நிலை. ஆரிகன் எப்படியும் மாநிலமாகிவிட்டது. ஆனால் பின்னால் அவர் எழுதப்போகும் வாக்கியத்தின் கரு இந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

ஒரு நெருடலான அத்தியாயம்

1862 தேர்தலில் தோற்றார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். லிங்கன் அவருக்கு ராணுவ வழக்கறிஞர் பதவி கொடுத்தார். 1864-ல் மறுபடியும் வென்றார். புதிய சபை கூடுவதற்கு முன்பே, 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார்.

அந்தக் கொலைச் சதி வழக்கில் எட்டுப் பேரை ராணுவ ஆணையம் விசாரித்தது. அரசுத் தரப்பின் முக்கிய வக்கீல்களில் ஒருவர் பிங்காம். வாஷிங்டனில் சாதாரண நீதிமன்றங்கள் திறந்தே இருந்தன. அப்படியிருக்க, ராணுவத்தில் இல்லாதவர்களை ராணுவ ஆணையம் விசாரிப்பது சட்டப்படி சரிதான் என்று நீண்ட வாதம் செய்தவரும் அவரே. எட்டுப் பேருக்கும் தண்டனை. நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் மேரி சுராட் என்ற பெண்ணும் ஒருவர். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

முறையான விசாரணையை அரசமைப்பில் எழுதிவைத்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். இந்தப் பகுதியை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது.

1866: வாக்கியம் பிறந்த கதை

போர் முடிந்தது. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் தோற்ற தென் மாநிலங்கள் வேறு வழியைப் பிடித்தன. 'கறுப்பர் சட்டங்கள்' என்று பெயர் பெற்ற சட்டங்களை வரிசையாகப் போட்டன. மிசிசிப்பி மாநிலத்தில், விடுதலை பெற்ற ஒருவர் ஆண்டுதோறும் ஜனவரியில் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று கைது, அபராதம். அபராதம் கட்ட முடியாதவரை அதைக் கட்டும் முதலாளியிடம் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அடிமை என்ற பெயர் போய்விட்டது, வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. இவையெல்லாம் மாநிலச் சட்டங்கள் என்பதால் உரிமைகள் சாசனத்தைக் காட்டித் தடுக்கவும் வழியில்லை.

காங்கிரஸ் பதினைந்து பேர் கொண்ட கூட்டுக் குழு ஒன்றை அமைத்தது. பிங்காம் அதில் உறுப்பினர். 1866 பிப்ரவரியில் அவருடைய முதல் வரைவு சபைக்கு வந்தது. உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றில் எல்லாருக்கும் சமமான பாதுகாப்புக் கிடைக்கத் தேவையான சட்டங்களை இயற்றும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்பது அதன் சாரம்.

எதிர்ப்பு அவருடைய கட்சியிலிருந்தே வந்தது. நியூயார்க் உறுப்பினர் ராபர்ட் ஹேல் எழுந்தார். இப்படி எழுதினால் மாநிலங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும், திருமணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய சட்டத்தைக்கூட வாஷிங்டனே எழுதிவிடலாமே என்று கேட்டார். அதோடு, உரிமைகள் சாசனம் ஏற்கெனவே மாநிலங்களிடமிருந்தும் நம்மைக் காப்பாற்றுகிறது என்ற எண்ணத்திலேயே தான் இருந்துவந்ததாகவும் சொன்னார். வக்கீலாக இருந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினரே அப்படி நம்பிக்கொண்டிருந்தார். பிங்காம் பதிலுக்கு பேரன் வழக்கின் தீர்ப்பை எடுத்துப் படித்துக் காட்டினார். ஆனாலும் வரைவு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த மாதம் அவர் செய்தது பலரைக் குழப்பியது. கறுப்பர்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டம் சபைக்கு வந்தபோது அதை எதிர்த்து வாக்களித்தார்! நோக்கத்தில் அவருக்கு மறுப்பில்லை. இப்படி ஒரு சட்டம் போட அரசமைப்பில் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை, முதலில் அரசமைப்பைத் திருத்துங்கள் என்றார். நாளைக்கு வேறு கட்சி ஆட்சிக்கு வந்தால் சாதாரணச் சட்டத்தை ஒரே நாளில் நீக்கிவிடலாம் என்ற பயம் வேறு சிலருக்கும் இருந்தது. சொந்தக் கட்சியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு அவர் அப்படி நின்றதால்தான் அவருடைய திருத்தம் இவ்வளவு உறுதியாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு வரைவைத் திருப்பி எழுதினார். எப்படி எழுதினார் என்பதை 1871-ல் சபையில் அவரே விளக்கினார். மார்ஷலின் தீர்ப்பை மறுபடி படித்தேன், மாநிலங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதை வெளிப்படையாக எழுதியிருப்பார்கள் என்று அவர் சொன்ன இடம் கண்ணில் பட்டது, நானும் அப்படியே எழுதினேன் என்றார். ஆக, 1833-ல் உரிமையை மறுத்த தீர்ப்பே 1866-ல் உரிமையை எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்தது.

வாக்கியத்தைப் பிரித்துப் படிப்போம்

பதினான்காம் திருத்தத்தின் முதல் பிரிவில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. முதலாவது பிங்காம் எழுதியதல்ல. செனட்டில் மிச்சிகனின் ஜேக்கப் ஹவர்ட் சேர்த்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்களும், முறைப்படி குடியுரிமை பெற்றவர்களும் அமெரிக்கக் குடிமக்கள் என்று அது சொல்கிறது. கறுப்பர்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்த ஒரு வாக்கியம் துடைத்தெறிந்தது. பிறப்பால் குடியுரிமை பற்றி இன்று அங்கே நடக்கும் சண்டையெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இரண்டாவது வாக்கியம் பிங்காமுடையது. சாரத்தைத் தமிழில் சொன்னால்: எந்த மாநிலமும் அமெரிக்கக் குடிமக்களின் சலுகைகளையும் விலக்குரிமைகளையும் குறைக்கும் சட்டத்தை இயற்றவோ நடைமுறைப்படுத்தவோ கூடாது. எந்த மாநிலமும் முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் எந்த நபரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது. தன் எல்லைக்குள் இருக்கும் எந்த நபருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது.

இதில் முதல் பகுதி குடிமக்களைப் பற்றியது. அடுத்த இரண்டும் 'எந்த நபருக்கும்' பொருந்தும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது 1886-ல் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த நகராட்சி அனுமதி வேண்டும் என்று விதி இருந்தது. எழுத்தில் இனத்தின் பெயரே இல்லை. ஆனால் அனுமதி கேட்ட சுமார் இருநூறு சீனர்களுக்கும் மறுப்பு. சீனர் அல்லாதவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அனுமதி. யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. சீனக் குடியேறிகள் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். ஆனால் நபர்கள்தானே, அந்த வாக்கியத்தின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்றது.

1866 ஜூன் 13 அன்று காங்கிரஸ் திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. தென் மாநிலங்களில் பெரும்பாலானவை மறுத்தன. திருத்தத்தை ஏற்றால்தான் காங்கிரஸில் மறுபடி இடம் என்று 1867-ல் நிபந்தனை வந்தது. 1868 ஜூலையில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் போட்ட மாநிலங்களில் ஒன்று பிங்காமின் சொந்த ஒஹாயோ. அதைச் சரிசெய்து மறுபடி ஒப்புதல் தர 2003 வரை ஆனது.

எழுதியவர் கண்ட எல்லை

அதே 1868-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் குற்றம் சாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கி, இறுதி வாதத்தை மூன்று நாட்கள் நிகழ்த்தினார் பிங்காம். ஒரே ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார்.

1871-ல் விக்டோரியா உட்ஹல் என்ற பெண் காங்கிரஸின் குழுவிடம் ஒரு மனு கொடுத்தார். நானும் அமெரிக்கக் குடிமகள், பதினான்காம் திருத்தத்தின்படி எனக்கும் வாக்குரிமை உண்டு என்றார். வாதத்தில் வலு இருந்தது. மனுவை நிராகரித்து அறிக்கை எழுதியவர் பிங்காமேதான். வாக்குரிமை அந்தத் திருத்தத்தில் அடங்காது என்றார். பெண்களுக்கு வாக்குரிமை வர 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1872-ல் கட்சி அவருக்கு மறுபடி வாய்ப்புத் தரவில்லை. ரயில்வே பங்கு ஊழலான கிரெடி மொபிலியே விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. 1873-ல் ஜனாதிபதி கிராண்ட் அவரை ஜப்பானுக்குத் தூதராக அனுப்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். மேற்கு நாடுகள் ஜப்பான் மீது திணித்திருந்த சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டபோது அவர்கள் பக்கம் பேசினார்.

அவர் கிளம்பிய அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் இறைச்சிக்கூட வழக்குகளில் தீர்ப்பளித்தது. 'சலுகைகளும் விலக்குரிமைகளும்' என்ற பகுதிக்கு மிகக் குறுகிய பொருள் கொடுத்து, ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அதை ஏறக்குறைய செல்லாக்காசாக்கிவிட்டது. உரிமைகள் சாசனம் முழுவதையும் மாநிலங்கள் மீது ஏற்ற பிங்காம் நம்பியிருந்தது அந்தப் பகுதியைத்தான். 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ரயில் பெட்டி வைத்தாலும் அது சமத்துவம்தான் என்று அதே நீதிமன்றம் சொன்னது. காடிஸுக்குத் திரும்பி ஓய்வில் இருந்த பிங்காம் அப்போது உயிரோடு இருந்தார். 1900 மார்ச் 19 அன்று இறந்தார்.

மறுபடி உயிர் பெற்றது

ஆனால் 1897-லேயே ஒரு கீற்று தெரிந்தது. சிகாகோ நகரம் தெரு போட ரயில்வே நிறுவனத்தின் நிலத்தை எடுத்த வழக்கில், சொத்தை எடுத்தால் இழப்பீடு தரும் கடமை மாநிலங்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. படகுத்துறை வழக்கில் ஜான் பேரனுக்கு மறுத்த அதே உரிமை, அறுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து. 1925-ல் பேச்சுரிமையும் மாநிலங்களைக் கட்டுப்படுத்துவதாகக் கொண்டது. 1954-ல் பிரவுன் வழக்கில் 'சமமான பாதுகாப்பு' என்ற பகுதியை வைத்து, பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்றது. 1963-ல் கிடியன் என்ற ஏழைக் கைதி ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிப் போட்ட மனு வெற்றி பெற்றது. கடும் குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இப்படி உரிமைகள் சாசனத்தின் பிரிவுகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் பொருந்தத் தொடங்கின. 2019-ல்கூட ஒரு பிரிவு சேர்ந்தது: அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்பது. இவை பெரும்பாலும் வந்தது பிங்காம் நம்பிய பகுதி வழியாக அல்ல, 'முறையான சட்ட நடவடிக்கை' என்ற பகுதி வழியாக.

1947-ல் நீதிபதி ஹியூகோ பிளாக், உரிமைகள் சாசனத்துக்கு அதை வரைந்த மேடிசன் எப்படியோ பதினான்காம் திருத்தத்தின் முதல் பிரிவுக்கு பிங்காம் அப்படி என்று ஒரு தீர்ப்பில் எழுதினார். நீதிமன்றத்தின் பெரும்பான்மை அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் மறந்துபோயிருந்த பெயர் அதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தியாவுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. நம் அரசமைப்பின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தையோ 'சட்டங்களின் சமமான பாதுகாப்பை'யோ அரசு எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. இதன் பின்பாதி பிங்காமின் வாக்கியத்திலிருந்து வந்தது. குடிமக்கள் என்று சொல்லாமல் எந்த நபருக்கும் என்றிருப்பதும் அப்படியே. மாநிலங்களும் இதற்குக் கட்டுப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு நம்மவர்கள் இடமே வைக்கவில்லை. மத்திய அரசு, மாநில அரசுகள், உள்ளாட்சிகள் எல்லாமே அதில் அடங்கும் என்று 12-ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள்.

'முறையான சட்ட நடவடிக்கை' மட்டும் நேராக வரவில்லை. அரசமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் 1947-ல் அமெரிக்கா போய், அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தச் சொற்றொடர் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். அதனால் நம் 21-ஆம் பிரிவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு முன்மாதிரியாக இருந்தது 1946-ன் ஜப்பானிய அரசமைப்பு. விளைவு 1950-லேயே தெரிந்தது. தடுப்புக் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் மதராஸ் மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டம் ஒரு நடைமுறையைச் சொன்னால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்காது என்று தீர்ப்பு வந்தது. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில்தான், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது.